கரையும் சாலையும்

நுழையும்முன்

விடுமுறை வந்துவிட்டால் கடலைக் காணப் புறப்படும் குடும்பங்கள் பல. ஓடும் வண்டியிலிருந்து பார்ப்போருக்குக் கடற்கரை ஓர் அசையாத ஓவியமாகத் தோன்றும். ஆனால், அது நாள்தோறும் இடம் மாறுகிறது. அங்கு உழைப்பு உண்டு. ஊர்கள் அழிந்த வரலாறு உண்டு. உயிரைப் பறிக்கும் நீரோட்டமும் உண்டு. சென்னை முதல் தனுஷ்கோடி வரை நீளும் ஒரு குடும்பப் பயணத்தின் வழியே கடற்கரையை அறிந்துகொள்ள முயல்வோம்.

கடல் தெரியாத கடற்கரைச் சாலை

கோடை விடுமுறை தொடங்கிய முதல் வாரத்தில், விடியற்காலையில், சென்னைத் திருவான்மியூரிலிருந்து தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்க்க வேண்டும். கூரைமேல் பெட்டிகளைக் கட்டிய வாடகை வேன்கள், சன்னலோர இருக்கைக்காகப் பிணங்கும் சிறுவர்கள், மடியில் புளிச்சோற்றுத் தூக்குடன் அமர்ந்திருக்கும் பாட்டிமார்கள் என்று சாலையே திருவிழாக் கோலம் கொள்ளும். “கடல் எப்போது வரும்?” என்பதே இவ்வண்டிகளில் மீண்டும் மீண்டும் எழும் கேள்வி.

விடை சற்று ஏமாற்றம் தருவது. பெயரில் கடற்கரை இருப்பினும், இச்சாலையின் பெரும்பகுதியில் கடல் கண்ணுக்குப் புலப்படாது. கரையோரச் சிற்றூர்களை இணைத்த பழைய சாலைகளை ஒன்றுசேர்த்து அகலப்படுத்தியே இந்நெடுஞ்சாலை உருவாக்கப்பட்டது. அலைக்கும் ஊருக்கும் இடையே மணல்மேடுகளும் சவுக்குத் தோப்புகளும் உள்ளன. இன்று அவற்றுடன் விடுதிகளின் உயர்ந்த சுற்றுச்சுவர்களும் சேர்ந்துவிட்டன. மணல்மேடு மறைப்பதில் ஒரு பயன் உண்டு. அது புயலலைக்கு அரண். சுற்றுச்சுவர் மறைப்பதில் அத்தகைய பயன் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனவே, கடலை அறிய விரும்புவோர் பாலங்களில் விழித்திருக்க வேண்டும். முதலில் வருவது முட்டுக்காடு. வலப்புறம் படகுகள் மிதக்கும் உப்பங்கழி. இடப்புறம் அந்நீர் கடலைச் சேரும் முகத்துவாரம். கோடையில் அவ்வழியே செல்வோர், முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சென்றால், அதே இடத்தில் நீர் திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்துகொண்டிருக்கும். கடலலை மணலைக் கொணர்ந்து குவிக்கிறது. ஆற்றுநீர் அதனைத் தள்ளிவிடுகிறது. நீர்வரத்து குறையும் மாதங்களில் அலையின் கை ஓங்குகிறது. கல்பாக்கத்துக்குத் தெற்கே பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, “ஆறு எங்கே?” என்று சிறுவர்கள் கேட்பார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் அங்கு மணலே ஆறாகக் கிடக்கிறது.

இவ்வாறு இடம் மாறும் ஒன்றை எவ்வாறு அளப்பது? இந்தியக் கடற்கரையின் நீளம் ஏறத்தாழ 7,516 கி.மீ. என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அண்மையில் நுட்பமாக மறுஅளவீடு செய்து, அது 11,098 கி.மீ. என்று அரசு வெளியிட்டது. நிலம் வளர்ந்துவிடவில்லை, அளவுகோல் நுண்மையாயிற்று. ஒவ்வொரு கழியின் வளைவையும் கணக்கில் கொண்டால், கரை நீண்டுகொண்டே போகும்.

மணல் நடக்கும் வழி

அலைகள் கரையை நேராக வந்து மோதுவதில்லை, சாய்வாக வருகின்றன. வரும்போது மணலைச் சாய்வாக ஏற்றி, திரும்பும்போது நேராக இறக்குகின்றன. இதனால் ஒவ்வொரு மணல் துகளும் கரையோரமாகச் சிறிது நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கிழக்குக் கரையில் மணல் வடக்கு நோக்கி நடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், வடக்கே செல்வதே மிகுதி. சென்னைப் பகுதி மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே செல்லும் நீரோட்டத்தை ‘வன்னி’ என்றும், வடக்கிலிருந்து தெற்கே செல்வதைத் ‘தெண்டி’ என்றும் பெயரிட்டு அழைக்கின்றனர். எந்த நாளில் எவ்வோட்டம் என்று அறியாமல் அவர்கள் வலை வீசுவதில்லை.

நடக்கும் மணலின் குறுக்கே ஒரு சுவரை எழுப்பினால் என்ன ஆகும்? சென்னைத் துறைமுகம் இதற்கு விடை கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் தடைப்பட்டுத் தேங்கியது, மெரினா அகன்றது. நாம் பட்டம் விட்டும் சுண்டல் தின்றும் மகிழும் பரந்த மணல்வெளியில் பெரும்பகுதி அவ்வாறு சேர்ந்ததே. துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் பகுதிக்கு வர வேண்டிய மணல் வராமற்போயிற்று. அங்குக் கடல் ஊருக்குள் புகுந்தது. கரையில் பாறைகளைக் கொட்ட நேர்ந்தது. ஒரு நகரின் தென்பாதி பெற்ற மணல், வடபாதி இழந்த மணலாகும்.

புதுச்சேரியிலும் இதே கதை, நூறாண்டுகள் கழித்து நிகழ்ந்தது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், நகரின் முன்னிருந்த மணற்பரப்பு சில ஆண்டுகளில் மறைந்தது. எஞ்சியவை கருங்கற்கள். அக்கற்களின்மேல் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களில், இங்கு முன்பு மணல் இருந்ததா என்று கேட்போர் அரியர். கடலோர நகரில் பிறந்தும் மணலில் விளையாடாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பின்னர், 2018ஆம் ஆண்டையொட்டி நகரின் வடபுறத்தில் நீருக்குள் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டது. அதன்பின் மணல் ஓரளவு மீண்டும் படியத் தொடங்கியது.

கரையைக் காக்க ஊர்தோறும் ‘தூண்டில் வளைவு’ வேண்டும் என்னும் கோரிக்கையை நாளிதழ்களில் நீங்கள் கண்டிருக்கலாம். வீட்டுத் திண்ணைவரை அலை வந்துவிட்ட ஊரார் வேறென்ன கேட்பர்? அக்கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆயினும், ஓர் ஊரின் தூண்டில் வளைவு அடுத்த ஊரின் மணலைத் தடுக்கிறது. அவ்வூரும் ஒரு வளைவைக் கேட்கிறது. கல் வடக்கு நோக்கி வளர்ந்துகொண்டே செல்கிறது.

அலை உடையாத இடம்

எனக்கு அப்போது பதினாறு வயது. இரு குடும்பத்தினர் ஒரே வேனில் புறப்பட்டிருந்தோம். மாமல்லபுரத்தைக் கடந்து, ஒரு மீனவக் குப்பத்தை அடுத்த கரையில் வண்டியை நிறுத்தினர். எங்கள் பெரியப்பா மகன் கிணற்றில் நீந்திப் பழகியவர். மூழ்கிக் காசெடுப்பதில் வல்லவர். இருபுறமும் அலைகள் வெண்ணுரையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் பத்தடி அகலத்துக்கு நீர் அமைதியாகக் கிடந்தது. “இங்கேதான் அலையே இல்லை” என்று கூறி அண்ணன் அவ்விடத்தில் இறங்கினார். சில நிமிடங்களில் அவருடைய தலை ஒரு தேங்காய் அளவுக்குச் சிறுத்துவிட்டது. அவர் கரையை நோக்கித்தான் நீந்திக்கொண்டிருந்தார். ஆனால், கரை அவரைவிட்டு விலகிக்கொண்டே போயிற்று.

அருகில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, ஒரு மிதவையை எடுத்துக்கொண்டு, அதே அமைதியான நீரில் பாய்ந்தார். நீரோட்டமே அவரை விரைவாக அண்ணனிடம் கொண்டுசேர்த்தது. பின்னர் இருவரும் கரையை நோக்கி நீந்தவில்லை; கரைக்கு இணையாக, வடபுறமாக நகர்ந்தனர். அலைகள் உடையும் பகுதியை அடைந்ததும், அவ்வலைகளே அவர்களைக் கரைசேர்த்தன. “கெணத்துல நீந்துறது வேற, இது வேற தம்பி. அலை ஒடையாத எடத்துல எறங்கக் கூடாது” என்று மட்டும் அவர் சொன்னார். என் தந்தை நீட்டிய பணத்தை வாங்கிக்கொள்ளாமல் வலையிடம் திரும்பினார். அன்று புதுச்சேரி சேரும்வரை வேனில் எவரும் பேசவில்லை.

அவர் கூறியதன் அறிவியலைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். கரைக்கு அருகே நீருக்கடியில் மணல்திட்டுகள் உள்ளன. அலைகள் அத்திட்டுகளின் மேலேறி உடைகின்றன. நீரைக் கரைப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கின்றன. சேர்ந்த நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். திட்டில் எங்கு இடைவெளி இருக்கிறதோ, அவ்வழியே அது ஒரு குறுகிய ஓடையாகக் கடல்நோக்கிப் பாய்கிறது. அவ்விடத்தில் நீர் ஆழமாக இருப்பதால் அலை உடைவதில்லை. வெண்ணுரை இல்லாததால், அறியாதவர் கண்ணுக்கு அதுவே பாதுகாப்பான இடமாகத் தோன்றுகிறது. இதனை இழுப்பு நீரோட்டம் எனலாம். இது வலுத்த வேளைகளில் நொடிக்கு இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் ஓடும்; உலகின் தலைசிறந்த நீச்சல் வீரராலும் அதனை எதிர்த்து நீந்த இயலாது. கடலுக்குள் நீண்ட கற்சுவர்களின் ஓரத்திலும் இத்தகைய ஓட்டம் உருவாகும்.

இவ்வோட்டம் ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை. வெளியே இழுத்துச் செல்கிறது, அவ்வளவே. அதனை எதிர்த்துக் களைத்துப் போவோரே மூழ்குகின்றனர். சிக்கிக்கொண்டவர் முதலில் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். வலிமை இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு விலக வேண்டும். கரையில் நிற்கும் உறவினர் வெறுங்கையோடு நீரில் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காக்கச் சென்று அடுத்தடுத்துக் குடும்பத்தினர் மூழ்கிய செய்திகள் ஒவ்வோர் ஆண்டும் வெளிவருகின்றன. கயிறு, மூடியிட்ட வெற்று நீர்க்கேன், பந்து எனக் கைக்குக் கிடைத்த மிதக்கும் பொருளை எறிய வேண்டும். உயிர்காப்பாளரையும் மீனவரையும் அழைக்க வேண்டும். மணல்திட்டுகள் இடம் மாறுவதால், சென்ற ஆண்டு குளித்த இடம் இவ்வாண்டு பாதுகாப்பானது என்று கொள்வதற்கில்லை. கரையில் இருப்போரிடம் கேட்டபின் இறங்குவதே முறை.

உப்பும் தில்லையும்

மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரம் கட்டம் கட்டமாக நீர் மின்னும். அவை உப்பளங்கள். உவர்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து, செறிவு மிக மிக அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றி, இறுதியில் படியும் உப்பை வாரிக் குவிக்கின்றனர். நாம் விடுமுறைக்குச் செல்லும் கோடைதான் அவர்களுக்கு வேலைக்காலம். வெண்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். உவர்நீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும். மழை வந்தால் அவர்களுக்கு வேலை இல்லை.

இவ்வூருக்கு இலக்கியத்திலும் இடம் உண்டு. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆற்றுப்படை நூல்கள் வள்ளலைப் பாடுவனவே எனினும், அவை வழிகாட்டி நூல்களுமாகும். எந்த வழியே செல்ல வேண்டும், இடையில் எவ்வகை நிலம் வரும், அங்கு வாழும் மக்கள் என்ன உணவு தருவர் என்பவற்றை அவை நிரல்படக் கூறுகின்றன. பயணம் மேற்கொள்பவர் வழியிலுள்ள மக்களை அறிந்திருக்க வேண்டும் என்பது அப்புலவர்களின் எதிர்பார்ப்பு. கைப்பேசி வரைபடமோ, உணவகம் எத்தனை நிமிடத் தொலைவில் உள்ளது என்பதோடு நின்றுவிடுகிறது.

கடலூரைக் கடந்து சிதம்பரத்தை அடுத்துள்ள பிச்சாவரம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அலையாத்திக் காடு. சேற்றில் காற்று புகாது. எனவே, வெண்கண்டல் மரம் தன் வேர்களைச் சேற்றுக்கு மேலே விரல்களைப்போல் நீட்டி மூச்சுவிடுகிறது. சுரபுன்னை, கிளைகளிலிருந்து தாங்குவேர்களை இறக்கி நிற்கிறது. இங்கே காணத்தக்க மற்றொரு மரம் தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். அம்மரம் செறிந்திருந்ததாலேயே சிதம்பரம் தில்லை எனப் பெயர் பெற்றது. படகில் செல்வோர் திரைப்படம் எடுக்கப்பட்ட இடங்களைக் காட்டச் சொல்வது வழக்கம். தில்லை மரத்தைக் காட்டச் சொல்வோரும் இருக்கலாம்.

கடல் கொண்டவை

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் நின்று பார்த்தால், பட்டினப்பாலை பாடிய பெருந்துறைமுகம் இதுதானா என்ற ஐயம் எழும். பெருவெள்ளம் கொள்ளிடம் வழியே பிரிந்துவிட, காவிரி இங்கு ஒரு சிறு வாய்க்காலாக வந்து சேர்கிறது. சங்ககாலப் படகுத்துறையின் செங்கல் கட்டுமானம் அருகிலுள்ள கீழையூரில் அகழாய்வில் வெளிப்பட்டது. சிறிது தெற்கே தரங்கம்பாடி. 1620இல் டேனியர் கால்கொண்ட ஊர் அது. அவர்களின் கோட்டை இன்றும் உறுதியாக நிற்கிறது. அதன் அருகே, பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கோட்டைக்குள் செல்லும் பயணிகள் அக்கோயிலின்முன் ஐந்து நிமிடம் நிற்பார்களாயின், கரை நகர்வதைக் கண்கூடாக உணர்வர்.

நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் அவ்வாறு ஐந்து நிமிடத்தில் கடக்க இயலாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறித்துமசு விழாவுக்கு மறுநாள். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் மீனவக் குடும்பத்தினர் பலர்; விடுமுறைக்கும் வழிபாட்டுக்கும் வெளியூர்களிலிருந்து வேளாங்கண்ணிக்கு வந்து கரையில் நின்றோரும் பலர். மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, அதுவரை காணாத பாறைகள் வெளிப்பட்டதைக் கண்டவர்கள் உண்டு. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதை அன்று அறிந்திருந்தவர் மிகச் சிலரே. பிச்சாவரம் போன்ற காடுகளின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவும்கூடக் காரணங்களாகலாம்.

இத்துயரத்துக்குப் பின்னும் மீனவர் கரையைவிட்டு அகலவில்லை என்பதைச் சிலர் வியப்புடன் குறிப்பிடுவர். அவர்களின் பணியிடம் அது. நமக்கு வெறும் மணலாகத் தெரியும் பரப்பில்தான் படகு ஏற்றப்படுகிறது, வலை உலர்கிறது, மீன் காய்கிறது, ஏலம் நடைபெறுகிறது. காலையில் கடலுக்குச் சென்ற படகுகள் திரும்பும்வரை அப்பரப்பு ஆளரவமற்றுக் கிடக்கலாம். அதனாலேயே அது எவருக்கும் உரியதன்று என்றாகிவிடாது. கடலோரக் கட்டுமானங்களை முறைப்படுத்த 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியிடப்பட்டது. வண்டியை நிறுத்துமுன் அங்கு வலை விரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அறிவிக்கை எதுவும் தேவையில்லை.

இரு கடல்களுக்கு நடுவே

நாகைக்குத் தெற்கே சாலை கடலைவிட்டு மேலும் உள்ளே விலகுகிறது. 1930இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து வந்து சேர்ந்த வேதாரண்யம், வெளிமான்கள் திரியும் கோடியக்கரை, இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா ஆகியவற்றைக் காண விரும்புவோர் சாலையிலிருந்து கிளைபிரிந்து செல்ல வேண்டும். ஒரே நாளில் இராமேசுவரத்தை எட்டிவிட எண்ணும் குடும்பங்கள் இவற்றைத் தவறவிடுவது வருந்தத்தக்கது.

பாம்பனில், 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின்மேல் ஏறியதும் வண்டிக்குள் ஆரவாரம் எழும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மறைந்திருந்த கடல் ஒரே நேரத்தில் இருபுறமும் வெளிப்படுகிறது. வடக்கே பாக் நீரிணைப் பகுதி. தெற்கே மன்னார் வளைகுடா. ஆழம் குறைந்து அமைதியாகக் கிடக்கும் வடபுறத்தைப் ‘பெண்கடல்’ என்றும், அலை மிகுந்த தென்புறத்தை ‘ஆண்கடல்’ என்றும் தீவின் மக்கள் கூறுவர். காற்று திசைமாறும் பருவத்தில் இக்குணங்களும் இடம் மாறிக்கொள்ளும்.

தீவின் கிழக்கு முனையில் தனுஷ்கோடி. ஒருகாலத்தில் சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட ‘போட் மெயில்’ பயணிகள் இங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, கொழும்புக்கு மீண்டும் தொடர்வண்டியில் சென்றனர். தொடர்வண்டி நிலையம், அஞ்சலகம், பள்ளி, தேவாலயம் என அனைத்தும் இருந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த தொடர்வண்டி பயணிகளோடு கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டது. ஊர் மணலுக்குள் புதைந்தது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. 2017இல் அரிச்சல்முனை வரை புதிய சாலை திறக்கப்பட்டபின், மீன் வண்டிகளின் இடத்தில் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டின.

இருட்டும் முன் பயணிகள் அனைவரும் திரும்பிவிட வேண்டும். குடிசைகளில் சில மீனவக் குடும்பங்கள் மட்டும் தங்குகின்றன. இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த அம்மணலில் அவர்கள் கையால் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுக்கின்றனர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உவர்நீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்கியிருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். எனவே, அவர்கள் முழங்கையளவே தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, சிறு கிண்ணத்தால் முகந்து குடத்தில் ஊற்றுகின்றனர்.